ஆர்.எக்ஸ். 100-ஐ மீட்டெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் ஒன்றை ஆசையோடு வாங்கி வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்யும் வேலை, டேங்கைக் கழற்றிப் பெயின்ட் அடிக்கக் கொடுப்பதுதான். அது பிழையான தொடக்கம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் உயிரோடு இருப்பது, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அதன் கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருக்கும் வரைதான். எனவே முதலில் ஆவணம், அடுத்து இன்ஜினின் மூச்சு, அதன் பிறகு ஓட்டம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பளபளப்பு என்ற வரிசையில் வேலை நடக்க வேண்டும். வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும் என்பதோடு, அடித்த புதுப் பெயின்ட்டும் இன்ஜினை மறுபடி இறக்கி ஏற்றுவதில் உரிந்துபோகும்.

எடுத்துக்காட்டாக யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் இன்றும் எளிதில் கிடைக்கிற, உதிரிபாகங்களும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் ஓரளவு மிஞ்சியிருக்கிற டூ-ஸ்ட்ரோக் பைக் அதுதான். ஓசூரில் தயாரான சுசுகி ஏ.எக்ஸ். 100, மைசூரில் தயாரான எஸ்டி, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் ஆகியவற்றுக்கும் இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி பொருந்தும்.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-இல் கொண்டுவந்த ஆர்.எக்ஸ். 100, 1996 வரை தயாரிப்பில் இருந்தது. தொடக்ககால வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு இங்கே பூட்டப்பட்டவை. 'ஒரிஜினல் ஜப்பான் இன்ஜின்' என்று இன்றும் சிலர் தனி விலை சொல்வது அதனால்தான். பிஸ்டனின் விட்டமும் அது ஏறி இறங்கும் தொலைவும் 50 மி.மீ. என்று சமமாக அமைந்த, 98 சி.சி. கொள்ளளவு கொண்ட அந்தச் சிறிய இன்ஜின், நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறனைத் தந்தது. வண்டியின் எடையோ நூறு கிலோவை ஒட்டித்தான் இருந்தது. அன்றைய சாலையில் அது பாய்ந்த பாய்ச்சலுக்கு இந்தக் கணக்கே காரணம்.

எங்கள் வீட்டு வண்டி என் தந்தையார் வாங்கியது. அதிகாலையில் அவர் சோக்கை இழுத்துவிட்டு இரண்டாவது மிதியில் ஸ்டார்ட் செய்யும்போது எழும் நீலப் புகையின் மணமும், பெட்ரோல் பங்கில் 'ஆயில் அடிக்கணுமா?' என்று கேட்டபடி ஊழியர் கைப்பம்பை எடுக்கும் காட்சியும் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அந்த வண்டியைத்தான் நான் முதன்முதலில் பிரித்தேன். அதில் கற்றவையும், அதன் பிறகு நண்பர்களின் வண்டிகளில் கற்றவையும் இங்கே உள்ளன.

வாங்குவதற்கு முன்

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்.சி.யைப் பாருங்கள். ஆர்.எக்ஸ். 100-இன் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் '1எல்1' என்ற குறியீட்டோடு தொடங்கும். சேஸிஸ் எண் ஹேண்டிலின் கழுத்துப் பகுதியிலும், இன்ஜின் எண் அதன் அடிக்கூடான கிராங்க் கேஸின் மீதும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, எழுத்து எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். எண் இருக்கும் இடம் மட்டும் தேய்த்து வழவழப்பாக்கப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லாமலிருந்தாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. 1989-இல் 'டி.என்.' வரிசைப் பதிவெண்கள் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் மூன்றெழுத்துப் பதிவெண்களே இருந்தன. எனவே 1986-இல் இம்மாநிலத்தில் பதிவானது என்று சொல்லப்படும் வண்டி 'டி.என்.' எண்ணோடு நின்றால், அதற்கான காரணத்தை ஆவணத்தில் தேட வேண்டும்.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து தேவைப்படும். பழைய வண்டிகளில் பெரும் சிக்கல் இங்கேதான் வருகிறது: ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் காலமாகியிருப்பார், வண்டி அதற்குப் பின் மூன்று கை மாறியிருக்கும். அப்படியானால் முதலில் வாரிசுதாரர் பெயருக்குப் படிவம் 31 வழியாக மாற்றிய பிறகே உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 முதல் தனிப் பதிவு வரிசை இருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டுச் சிலர் ஆர்.எக்ஸ்.ஸுக்கும் அதைக் கேட்கிறார்கள். இந்த வண்டியின் முதல் பிறவிக்கே 2035-இல்தான் ஐம்பது வயது ஆகிறது. மேலும் அந்த வரிசையில் பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் இயலாது.

இன்ஜின் ஓடுகிறதா என்பதைக் காட்டிலும், வண்டி முழுமையாக இருக்கிறதா என்பது முக்கியம். ஓடாத இன்ஜினை ஓட வைத்துவிடலாம். ஆனால் அந்தக் காலத்து கார்புரேட்டரும், ஆயில் பம்பும், சைலன்சரும், குரோம் மட்கார்டுகளும் காணாமல் போயிருந்தால், அதே தரத்தில் அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆண்டு இரண்டு ஓடிவிடும்.

பிரிக்கும் முறை

நீண்ட நாள் நின்ற வண்டியை ஆர்வத்தில் கிக்கரை மிதித்துப் பார்க்கக் கூடாது. துருப்பிடித்த பிஸ்டன் வளையம், பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான பிளாக்கின் சுவரைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் சம அளவில் கலந்து சிறிது ஊற்றி, மூன்று நாட்களாவது ஊறவிடுங்கள். பிறகு மேக்னட் (மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) பக்க மூடியைக் கழற்றி, நட்டில் ஸ்பேனரை வைத்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். அசையவில்லையென்றால் மீண்டும் ஊற வேண்டும்.

பிரிக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் கைபேசியில் இரண்டு கோணங்களில் படம் எடுங்கள். போல்ட்டுகளையும் வாஷர்களையும் எந்த மூடியில் இருந்தனவோ அந்தப் பெயரை எழுதிய தனித்தனிப் பைகளில் போட்டு வையுங்கள். இன்ஜின் மூடிகளில் உள்ள பிளஸ் திருகுகள் ஜப்பானிய அளவைச் சேர்ந்தவை என்பதால், சாதாரண ஸ்க்ரூடிரைவர் அவற்றில் முழுமையாக உட்காராமல் தலையை வழித்துவிடும். சுத்தியலால் தட்டித் திருப்புகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கிக்கொள்வது தொடக்கத்திலேயே செய்ய வேண்டிய நல்ல செலவு. மேக்னட்டைக் கழற்ற அதற்கென்று உள்ள புல்லரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் தளர்வதோடு கிராங்க்கும் நேர்கோட்டிலிருந்து விலகும்.

இன்ஜினின் மூச்சு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர் இதைப் படிக்கட்டும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறை என்பது ஆயில் நிற்கும் இடம். டூ-ஸ்ட்ரோக்கில் அதுவே ஒரு பம்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகி, உள்நோக்கி மட்டும் திறக்கும் தகடான ரீட் வால்வைத் திறந்துகொண்டு காற்றும் பெட்ரோலும் ஆயிலும் கலந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பிளாக்கின் சுவரில் உள்ள வாய்க்கால்கள் வழியாக மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்க் அறையில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் இந்தப் பம்பின் கணக்கு தவறிப்போகும்.

கசிவு பெரும்பாலும் கிராங்க்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் என்ற ரப்பர் வளையங்களில்தான் ஏற்படுகிறது. வலப்பக்க சீல் போனால், கிளட்ச் பக்கத்து கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு எரிந்து, சைலன்சரிலிருந்து நிற்காமல் வெண்புகை வரும். கியர் ஆயிலின் அளவும் குறைந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரிவதால் இதைச் சீக்கிரம் சரிசெய்துவிடுவார்கள். இடப்பக்கத்து மேக்னட் சீல்தான் ஆபத்தானது. அது போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். புகை எதுவும் வராது. மாறாக, வண்டி வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவது போலவே முதலில் தோன்றும்.

என் தந்தையாரின் வண்டிக்கு நான் புதுப் பிஸ்டன் போட்டு, பிளாக்கை போர் செய்து (உட்சுவரைக் குடைந்து சீராக்கி), டேங்குக்குப் பெயின்ட்டும் அடித்து முடித்திருந்தேன். சீலைத் தொடவில்லை, பார்வைக்கு அது நன்றாகவே இருந்தது. புறவழிச்சாலையில் நாற்பதாவது கிலோமீட்டரில் 'கிறீச்' என்ற ஓசையோடு பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் அலுமினியம் பிளாக்கின் சுவரில் ஈஷிக்கொண்டு நின்றது. மேக்னட் சீலின் உதட்டை நகத்தால் அழுத்தினேன். ரப்பராக இருக்க வேண்டியது காய்ந்த தேங்காய் ஓடு போல இறுகி, மடங்காமல் உடைந்தது. சில பத்து ரூபாய் விலையுள்ள பொருள் அது. அன்றிலிருந்து, வண்டி எந்த நிலையில் வந்தாலும் இரண்டு சீல்களையும் மாற்றாமல் நான் இன்ஜினைப் பூட்டுவதில்லை.

கிராங்க் கேஸைப் பிரித்த பிறகு, கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. மேலும் கீழுமாக அசைந்தால் ராட் கிட்டை, அதாவது ராடையும் அதன் பேரிங்கையும் பின்னையும், மாற்ற வேண்டும். கிராங்க் அழுத்தத்தால் கோக்கப்பட்டது என்பதால் இதை வீட்டில் செய்ய முடியாது. பிரஸ்ஸும், நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜும் வைத்திருக்கிற லேத் பட்டறையில், அதுவும் டூ-ஸ்ட்ரோக் கிராங்க் கட்டிப் பழகியவரிடமே கொடுங்கள். இரு முனைகளிலும் டயல் கேஜின் முள் எவ்வளவு ஆடுகிறது என்பதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் இதைக் கேட்டால் மகிழ்வார். பேரிங் வாங்கும்போது, கழற்றிய பேரிங்கில் எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்தையும் குறித்துச் செல்ல வேண்டும், ஏனெனில் உள்ளிருக்கும் இடைவெளியின் அளவைச் சொல்வது அந்த எழுத்துதான்.

கேஸின் இரு பாதிகளும் சேரும் முகத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டக் கூடாது. ஒரு கீறல்கூடக் கசிவுக்கு வழியாகிவிடும். பழைய பசையைத் தின்னரில் ஊறவைத்துத் துணியால் துடைத்தெடுத்து, அனபாண்ட் என்ற கசிவு தடுக்கும் பசையை மெல்லிய படலமாகத் தடவிப் பூட்டுங்கள்.

பூட்டி முடித்ததும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் மாட்டும் வாயையும் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து இறுக்கி மூடுங்கள். ஆயில் பம்பிலிருந்து உள்வழிக்கு வரும் சிறு குழாய் இருந்தால் அதையும் மூட வேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பிளக் துளை வழியாகக் காற்று செலுத்துங்கள். இதற்கு நான் பயன்படுத்துவது, ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பம்பும் அதன் கடிகார மானியும்தான். அதில் 300 வரை ஏற்றினால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 பவுண்டு அழுத்தம் வரும்; இந்தச் சோதனைக்கு அது போதும். முள் சில நிமிடங்கள் அசையாமல் நின்றால் இன்ஜின் நலம். இறங்கினால், சீல்களிலும் கேஸ் இணைப்பிலும் பிளாக்கின் அடியிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். எங்கே குமிழ் எழுகிறதோ அங்கே கசிவு. இரண்டு மணி நேர வேலை இது. இதைத் தவிர்த்துவிட்டுப் பிஸ்டன் மேல் பிஸ்டனாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

பிளாக்கும் பிஸ்டனும்

பிஸ்டன்கள் நிலையான அளவிலிருந்து 0.25 மி.மீ. படிகளாக, 1.00 மி.மீ. ஓவர்சைஸ் வரை கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதை லேத் பட்டறையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ப போர் செய்யச் சொல்ல வேண்டும். போர் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. போர் முடிந்து வந்ததும் சுவரில் உள்ள வாய்க்கால்களின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் அந்த விளிம்பை லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிஸ்டன் வளையம் அதில் மாட்டி உடையும்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் நோக்க வேண்டும். வளையங்களின் வெட்டு முனைகள், பள்ளத்தில் உள்ள சிறு முளையின் இரு புறமும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்பதைப் பார்த்த பிறகே பிளாக்கை இறக்குங்கள். பிஸ்டனை ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னின் லாக்குகளை ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. புது லாக்கை மாட்டும்போது கிராங்க் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள்; தெறித்து உள்ளே விழுந்த லாக்கைத் தேடுவதற்காக முழு இன்ஜினையும் மீண்டும் பிரிக்க நேரும்.

கார்புரேட்டர், ஆயில் பம்பு, சைலன்சர்

கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகுகளான ஸ்லோ ஜெட்டையும் மெயின் ஜெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பைக் கம்பியால் குத்தக் கூடாது, ஏனெனில் துளை பெருகிவிடும். ஜெட்டைக் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதினால் போதும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுவதும் இறுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வைப்பது நல்ல தொடக்கம். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் பாகங்கள் ஊதியும் இறுகியும் போகின்றன. பெட்ரோல் டியூப், ஃப்ளோட் கிண்ணத்தின் ரப்பர் வளையம், பெட்ரோல் டேப்பின் வாஷர் ஆகிய மூன்றையும் கேள்வியில்லாமல் மாற்றுங்கள்.

ஆயில் பம்பை அடைத்துவிட்டு டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுங்கள் என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். பழுதான பம்பால் இன்ஜின் போன அனுபவத்தில் சொல்கிறார்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பம்பு நல்ல நிலையில் இருந்தால் அதைக் காப்பாற்றுவதே சரி என்பது என் தீர்மானம், ஏனெனில் ஆக்சிலேட்டரின் திறப்புக்கும் இன்ஜினின் வேகத்துக்கும் ஏற்ப ஆயிலைக் கூட்டிக் குறைப்பதே அந்த அமைப்பின் சிறப்பு. பம்பைக் கழற்றி மாட்டினால் அதன் காற்றகற்றும் திருகைத் தளர்த்தி, குமிழ் நின்று ஆயில் மட்டும் வரும் வரை விட்டு இறுக்க வேண்டும். டேங்கில் ஆயில் கலந்து ஓட்டுபவர் மலைப்பாதையில் கவனமாக இருக்க வேண்டும்: ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிக்கொண்டு கியரில் இறங்கினால், பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோகும். இடையிடையே கிளட்ச்சைப் பிடித்து ஒருமுறை ஆக்சிலேட்டரைத் திறந்துவிடுவது பழைய ஓட்டுநர்களுக்குக் கைவந்த பழக்கம்.

சைலன்சரின் உள்குழாயில் பல ஆண்டுக் கரி படிந்திருக்கும். அதைக் கழற்றி நெருப்பில் சூடாக்கித் தட்டினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். சத்தம் வேண்டும் என்பதற்காக உள்குழாயை எடுத்துவிடுவது தவறு. சைலன்சரின் வயிற்றுப் பகுதியிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான், வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்த அமைப்பைக் கலைத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும்.

பெயின்ட்

சேஸிஸை மணல் வீசிச் சுத்தம் செய்யக் கொடுத்தால், எண் உள்ள இடத்தைத் தடித்த டேப்பால் மூடிக் கொடுங்கள். எண் மங்கிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆய்வில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். டேங்கின் பழைய பெயின்ட் ஓரளவு இருந்தால் அதை அப்படியே பாலிஷ் செய்து விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மயில்நீலமோ செர்ரிச் சிவப்போ, அன்று அடித்த நிறம் மங்கிய பிறகும் தருகிற அழகை இன்றைய பெயின்ட் தருவதில்லை. என் தந்தையாரின் முழங்கால்கள் உராய்ந்து டேங்கின் இருபுறமும் தேய்ந்திருந்த இடங்களை, அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டதை நினைத்து இப்போது வருந்துகிறேன்.

உதிரிபாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இன்றும் பயன்படுகின்றன. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

முதல் ஓட்டம்

முதல் இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு, ஆயில் பம்பு வேலை செய்தாலும், லிட்டருக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கூடுதலாகக் கலந்துகொள்ளுங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். அரை ஆக்சிலேட்டரைத் தாண்ட வேண்டாம். இருபது கிலோமீட்டர் ஓட்டம், முழுக்க ஆறவிடுதல், மீண்டும் ஓட்டம் என்று முதல் வாரம் போகட்டும். முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி சரிபார்த்து இறுக்குங்கள்.

பிளக்கைக் கழற்றி அதன் பீங்கான் முனையின் நிறத்தைப் பார்க்கப் பழகுங்கள். காப்பிப்பொடி நிறம் இருந்தால் கலவை சரி. கரி படிந்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, காற்று எங்கிருந்து புகுகிறது என்பதைத் தேடுங்கள். ஓடும்போது இன்ஜின் ஓசை திடீரென்று மெலிந்து இழுவை குறைந்தால், யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடியுங்கள். இதற்காகவே முதல் வாரங்களில் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் லீவர் மீது இருக்கட்டும்.

பத்து நாட்களுக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுங்கள். அணையும் தறுவாயில் ஆக்சிலேட்டரைத் திருக வேண்டாம்.